எலுமிச்சையைக் காணோம்

வியாழக்கிழமை காலை 9.10.

கண் மருத்துவமனையின் வரவேற்பு அறையில், கறுப்புத் துணியை டாக்டரின் மச்சினன் ஒரே இழுப்பாக இழுத்தான். ஆறடி நீளக் கடல்நீர்த் தொட்டி மூன்று நாள் இருட்டிலிருந்து வெளியே வந்தது. காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஆரஞ்சு நிறக் குட்டி மீன்கள் இரண்டும் இருந்தன. நத்தைகள் இருந்தன. எலுமிச்சை இல்லை.

எலுமிச்சை என்பது உள்ளங்கை அகல மஞ்சள் மீன். டாக்டரின் மகள் பள்ளியில் படிக்கும்போது ஆசையாக வளர்த்தது. மேல்படிப்புக்கு வெகுதூரம் போனபோது அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். நாளை விடுமுறைக்கு வருகிறாள்.

"திருட்டு! பட்டப்பகல்ல திருட்டு!" என்றான் மச்சினன். டாக்டர் மனைவியின் தம்பி; மருத்துவமனை நிர்வாகம் அவன் கையில்.

பாசி எடுக்க வாளியோடு வந்து நின்றிருந்த தொட்டிக்காரர் திகைத்துப் போனார். வாரம் ஒருமுறை தொட்டியைப் பராமரிப்பவர். மச்சினன் அவர் பக்கம் திரும்பினான்.

"வாளியைக் கவுத்துக் காட்டுய்யா."

"சார், நான் இப்பத்தான் உள்ள வந்தேன்..."

"கவுத்துன்னா கவுத்து!"

கவிழ்த்தார். ஒரு பிரஷும் இரண்டு பஞ்சும் விழுந்தன. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசனை அறை வாசலில் நின்ற டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலீஸைக் கூப்பிடறேன் மாமா."

"வேண்டாம் மச்சான்," என்றார் டாக்டர் அவசரமாக. "ஒரு மீனுக்குப் போய் போலீஸா?"

மூலை நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி எழுந்தார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். போன வாரம் செவ்வாய்க்கிழமை கண்புரை அறுவை முடிந்து, இன்று மறுபரிசோதனைக்கு வந்தவர்.

"போலீஸ் வேண்டாம்னா சரி. என் டோக்கன் பதினொண்ணு. சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல நாலு கேள்வி கேட்டுக்கறேனே?"

யாரும் மறுக்கவில்லை. டாக்டர் மட்டும் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

காலை 9.25. முதலில் வரவேற்பு மேசைப் பெண்.

"நீ கடைசியா எப்பப் பார்த்தே?"

"போன வாரம் புதன்கிழமை மேடம். அஞ்சு மணிக்கு நான் கிளம்பறப்ப இருந்துச்சு. வியாழன்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு லீவு. திங்கக்கிழமை வந்தா துணி போட்டு மூடியிருந்துச்சு."

"துணிக்குள்ள கை விட்டது யாரு?"

அவள் தயங்கினாள். "இந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டிக்காரர். பத்து நிமிஷம். மூடி போட்ட வாளி வெச்சிருந்தாரு."

காலை 9.35. தொட்டிக்காரர் கொட்டிய பஞ்சை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பில்டர் பஞ்சு மாத்தினேம்மா. துணியைத் தூக்காதேன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. தடவித் தடவித்தான் மாத்தினேன்."

"எதுக்கு இந்த இருட்டு?"

"பாசிக்கு. வெளிச்சம்தான் அதுக்குச் சோறு. மூணு நாள் இருட்டுல போட்டா வளர முடியாது, வெளுத்துப் போயிடும். அப்புறம் கையால பிடுங்கினா வந்துடும்."

"உங்க யோசனையா?"

"ரெண்டு மாசமா சொல்றேன். குழந்தைங்க மீன் பார்க்க முடியாம அழும்னு டாக்டர்தான் கேக்கல. போன ஞாயித்துக்கிழமை அவரே போன் பண்ணி, மூடிட்டேன்னாரு."

"எலுமிச்சை பாசி திங்காதா?"

"திங்குமே! ஆனா அது ஒரு தினுசு. தான் படுக்கற குகை வாசலை மட்டும்தான் மேயும். நாவிதர் மழிச்ச மாதிரி இருக்கும், ஒரு மயிர் நிக்காது. மத்த கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது."

காலை 9.50. மச்சினன் கேள்விக்கு முன்பே பதிலை ஆரம்பித்தான்.

"அந்த ஆளுதான் மேடம். தொட்டி மூடியோட சாவி மூணு பேர்கிட்டதான் இருக்கு. மாமா, நான், அவன்."

"உங்களுக்கு இந்தத் தொட்டி பிடிக்குமா தம்பி?"

முகம் சுருங்கியது. "பிடிக்காது. அந்த இடத்துல ஒரு டிவி வெச்சா உருப்படியா இருக்கும்னு சொன்னேன். அதுக்காக நான் எடுப்பேனா? போன வாரம் புதன்கிழமை மத்தியானமே அக்காவும் நானும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிட்டோம். ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் வந்தோம்."

"டாக்டர்?"

"அவர் வரல. மேல வீட்டுலதான் இருந்தாரு."

இன்ஸ்பெக்டர் தொட்டி அருகே போய் முழங்காலிட்டார். புதுக் கண்ணுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பாறைகளில் முடி போல் தொங்கிய பாசி வெளுத்துக் கிடந்தது. குகை வாசலிலும் பாசி. அரை விரல் நீளம். அதுவும் வெளுத்திருந்தது.

வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை 10.40. டோக்கன் பதினொன்று.

டாக்டர் பரிசோதனைக் கருவியை இழுத்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் தாடையை அதன் மேல் வைத்தார். இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"நேரா பாருங்க... நல்லா ஆறியிருக்கு."

"எலுமிச்சையை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க டாக்டர்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மூடறதுக்கு முன்னாடி தீனி போட்டேன். எப்பவும்போல வந்து விரலைக் கொத்துச்சு."

"நல்ல ஆரோக்கியமா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் தாடையை எடுக்கவில்லை. "போன வாரம் புதன்கிழமை காலையில என் கண்கட்டை நீங்க அவிழ்த்தீங்க. வெளியே வந்து நான் முதல்ல பார்த்தது அந்த மஞ்சள் மீனைத்தான். குகை வாசல் வழுவழுன்னு இருந்துச்சு. இப்ப அங்க அரை விரல் பாசி."

டாக்டரின் கை கருவியின் பிடியில் நின்றுவிட்டது.

"எல்லாரும் மீன் இருட்டுல போச்சுன்னு நினைக்கறாங்க. ஆனா இருட்டுல பாசி வளராது. அரை விரல் வளர வெளிச்சம் வேணும், நாலு நாள் மேயறதுக்கு மீன் இல்லாமலும் இருக்கணும். துணி விழறதுக்கு முன்னாடி வெளிச்சம் இருந்த அந்த நாலு நாள், நீங்க தனியா இருந்த நாலு நாள். ஞாயித்துக்கிழமை அந்தத் தொட்டியில எலுமிச்சை இல்ல டாக்டர். இருந்துச்சுன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான்."

டாக்டர் விளக்கை அணைத்தார்.

"புதன்கிழமை சாயங்காலம்," என்றார். "மக வர்றா, தொட்டி பாசி புடிச்சுக் கிடக்கு. கல்லை வெளியே எடுத்துத் தேய்க்கலாம்னு எலுமிச்சையை ஒரு வாளியில விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பட்டறைக்காரர் ஓடி வந்தாரு. கண்ணுல இரும்புத்தூள். எடுத்து முடிக்க ரெண்டு மணி நேரம். வாளி நினைப்பே இல்ல. வந்து பார்த்தா மேசைக்கு அடியில எலுமிச்சை செத்துக் கிடந்துச்சு. துள்ளி விழுந்திருக்கு."

"துணி?"

"அதே மாதிரி ஒரு மீனுக்குச் சொல்லி வெச்சேன். அது வர்ற வரைக்கும் யாரும் பார்க்கக்கூடாதுன்னுதான் மூடினேன். இன்னைக்குள்ள வந்துடும்னாங்க. வரல. திருட்டுன்னு நான் சொல்லல மேடம். மச்சான்தான் சொன்னான்."

"நீங்க வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அந்த மனுஷன் வாளியைக் கவுத்தாரு."

டாக்டர் தலைகுனிந்தார். பிறகு எழுந்தார்.

காலை 10.55. வரவேற்பு அறையில் நோயாளிகள், மச்சினன், மேசைப் பெண் எல்லோரும் கேட்கும்படி, ஒன்றையும் மறைக்காமல் டாக்டர் சொன்னார். தொட்டிக்காரர் இமைக்காமல் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் டாக்டர்.

"மீன் செத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் டாக்டர். என் கையிலயும் செத்திருக்கு. ஆனா ஒரு வார்த்தை... நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." தொட்டிக்காரர் வாளியைக் கையில் எடுத்தார். "கல்லைத் தனியா எடுக்காதீங்க. கூப்பிடுங்க. வருவேன்."

டாக்டர் அங்கேயே நின்றபடி மகளுக்கு போன் செய்தார். பாதி கதை சொல்லும்போதே அவள் அழுவது மற்றவர்களுக்கும் கேட்டது. அவர் முழுவதையும் சொல்லி முடித்தார். பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்:

"அந்தப் பட்டறைக்காரருக்கு இப்பக் கண்ணு நல்லாத் தெரியுதாப்பா?"

"தெரியுதும்மா," என்றார் டாக்டர்.