வடக்குத்து வீட்டில் குடியிருப்பவர்

பூட்டிக் கிடக்க வேண்டிய வீட்டின் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது.

கருணாகரன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றார். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, வடக்குத்தில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. மத்தியப் பிரதேசத்துச் சுரங்கத்துக்கு வேலை மாறிப் போனபோது சாமிக்கண்ணு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். போன வாரம் நண்பர் சங்கரலிங்கம் டிரங்க் கால் போட்டார். "உம்ம வீட்ல இருந்தவன் சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்ணிட்டாம்வே. வீடு பூட்டிக் கெடக்கு. சாவி பக்கத்து வீட்ல இருக்காம்." வேறு ஆள் வைத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்திருந்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையத்தின் ஓயாத உறுமல் தரைக்கடியிலிருந்து உள்ளங்காலில் ஏற, முந்திரித் தோப்புக்கு மேலே புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்க, சாம்பலும் கந்தக நெடியும் கலந்து வந்த காற்றில், வெகு அருகிலிருந்து, நல்லெண்ணெயில் கத்தரிக்காய் வதங்கும் வாசனை வந்தது.

அவருடைய சமையற்கட்டிலிருந்து.

சாவி கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார். கலியம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள்.

"சாவியா? அதான் அன்னிக்கே வாங்கிக்கினீங்களே சார்."

"நான் இப்பதாம்மா பஸ் இறங்கி வர்றேன்."

"வெளாடுறீங்களா? காலையிலகூட கெணத்தாண்ட நின்னுகினு இருந்தீங்க. வூட்டுக்காரங்களே வந்து நிக்கும்போது நாம எப்பிடி இருக்கறதுன்னு சாமிக்கண்ணு மறுபேச்சு பேசாம காலி பண்ணிக்கினு பூட்டான்." குரலைத் தணித்தாள். "அம்மாவுக்கு இப்ப ஒடம்பு தேவலாங்களா? வெளியவே வர்றதில்லியே."

மனைவி சுப்புலட்சுமியை மத்தியப் பிரதேசத்து ஆற்று மணலில் எரித்து இரண்டு வருஷம். இங்கே யாருக்கும் அவர் சொல்லவில்லை, சங்கரலிங்கத்துக்குக்கூட. காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் அவள் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்டுக்குப் போயிருவோமா?" அவரும் ஒன்றைத்தான் சொன்னார். "ஆள் குடியிருக்காங்களே, சுப்பு."

திரும்பி நடந்தார். தன் வீட்டுக் கேட்டைத் திறக்கவே கூசியது. உள்ளே கரண்டி சட்டியில் தட்டும் சத்தம். வளையல் சத்தம். அவளுடையதுதான். கம்பெனி ஹாஸ்டல் அறையில் தனியே சோறு வடித்துத் தின்ற இரண்டு வருஷமும் காதில் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம். பயத்தைவிட ஆசைதான் அவரைப் படியேற்றியது.

கதவைத் தட்டினார்.

சத்தம் நின்றது. காலடி. தாழ்ப்பாள்.

பனியனும் வேட்டியுமாக, சோற்றுக் கையோடு ஒருவர் நின்றார். கருணாகரனின் முகம். கருணாகரனின் தோள். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தவரின் கண்கள்.

"யாரு வேணும்?"

அதே குரல். கருணாகரன் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வீடு காலியா இல்லீங்க," என்றார் உள்ளே நின்றவர், தன்மையாக. "ஆள் குடியிருக்கோம்."

"யாருங்க அது?" உள்ளிருந்து சுப்புலட்சுமி.

"வீடு கேட்டு யாரோ."

கதவு சாத்திக்கொண்டது.

ஜன்னலுக்கு ஓடினார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டார். அவள் கையைத் துடைத்தபடி வந்தாள். காய்ச்சல் இல்லாத முகம். நெற்றி நிறையக் குங்குமம். ஒரு சாண் தூரத்தில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள், வழி தவறி வந்தவனைப் பார்ப்பதுபோல. பிறகு ஜன்னலின் ஒரு கதவை இழுத்துச் சாத்தினாள்.

பிறகு மற்றதை.