டெலிபோன் அக்காவின் ஆலப்புழைப் பயணம்

செவ்வாய்க்கிழமை, காலை 9.10.

தையல்காரர் இஷாக் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

“எதிர் வீட்டு அக்காவக் காணோம் மேடம்.”

சப்-இன்ஸ்பெக்டர் சண்முகவள்ளி நாற்காலியைக் காட்டினார். “யாரு அவங்க?”

“இன்னாசியம்மாள். டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவுக. நாகல்நகர்ல டெலிபோன் அக்கான்னாத்தான் தெரியும். கல்யாணம் கட்டிக்கல. ஒத்தையாத்தான் இருக்காக.”

“எப்ப இருந்து காணோம்?”

“சனிக்கிழமை ஆலப்புழைக்கு டூர் போறதா இருந்துச்சு. அந்த ஏரியப் பாக்கணும், போட்ஹவுஸ்ல ஏறணும்னு ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டே இருந்தாக. ஞாயித்துக்கிழமையே திரும்பியிருக்கணும்.”

“வீட்ட விட்டுக் கிளம்புனத யாரு பாத்தா?”

இஷாக் யோசித்தார். “யாரும் பாக்கல மேடம்.”

“போன் பண்ணீங்களா?”

“எடுக்கல. மெசேஜ் மட்டும் வந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அதுவும் இல்ல.”

போனை வாங்கிப் பார்த்தார் சண்முகவள்ளி. மூன்று செய்திகள். மூன்றோடும் படங்கள்.

சனி, காலை 11.20: ‘ஆலப்புழை வந்துட்டேன். எங்க பாத்தாலும் தண்ணி.’

சனி, மாலை 7.10: ‘போட்ஹவுஸ் நடு ஏரியில போயிட்டிருக்கு. ரெண்டு கரையிலயும் விளக்கு. காத்து சுகமா இருக்கு.’

ஞாயிறு, காலை 10.05: ‘இன்னும் பத்து நாள் இங்கேயே இருக்கப் போறேன். என்னைத் தேட வேண்டாம்.’

“நல்லாத்தான இருக்காங்க,” என்றார் பக்கத்து மேசையிலிருந்த ரைட்டர்.

“தெனமும் காலைல அஞ்சு மணிக்கு ஒரு ரோசாப்பூப் படம் போட்டு எனக்கு குட் மார்னிங் அனுப்புவாக சார். ஆறு வருசமா. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட வந்துச்சு. சனிக்கிழமைல இருந்து வரல.”

ரைட்டர் சிரித்தார். சண்முகவள்ளி சிரிக்கவில்லை. அவருடைய போனுக்குக் காலையில் வருவது கண்ட்ரோல் ரூம் செய்தி மட்டும்தான்.

காலை 10.40.

செல்போன் டவர் விவரம் வந்தது. சனிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பகல் வரை அந்த போன் ஆலப்புழையில்தான் இருந்திருக்கிறது. பிறகு அணைக்கப்பட்டிருக்கிறது.

“அப்புறம் என்னம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர். “வயசு அறுபத்தாறு. போன இடம் பிடிச்சுப் போய்த் தங்கியிருக்காங்க.”

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்.”

டூர் ஏற்பாடு செய்த சார்லஸைப் போனில் பிடித்தார்.

“வேன் சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு மேடம். அந்தம்மா வரல. தனியா பஸ்ல வந்துக்கிறேன்னு மெசேஜ் போட்டாங்க.”

“அங்க பாத்தீங்களா?”

“இல்ல. வேற போட்ஹவுஸ் எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். அங்க நூத்துக்கணக்குல நிக்குது.”

பகல் 12.15.

ஆயக்குடியிலிருந்து மாற்றுச் சாவியோடு பைக்கில் வந்தார் பிராங்க்ளின். இன்னாசியம்மாளின் தங்கை மகன். முப்பத்தெட்டு வயது. பணிவான ஆள்.

கதவு திறந்தது. வீட்டில் எதுவும் கலைந்திருக்கவில்லை. கொடியில் ஒரு துண்டு காய்ந்து விறைத்திருந்தது. அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். காலண்டர் ஆணியில் சார்லஸ் கொடுத்த பயணத் தாளைக் குத்தி வைத்திருந்தார் இன்னாசியம்மாள். சண்முகவள்ளி அதன் முன்னால் நின்று வாசித்தார்.

‘காலை 11: படகு வீட்டில் ஏறுதல். மதியம்: கரிமீன் சாப்பாடு. மாலை 5.30: மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் எல்லாப் படகு வீடுகளும் கரையில் கட்டப்படும். இரவு: படகிலேயே தங்கல். மறுநாள்: பாதிராமணல் தீவு, குமரகம் பறவைகள் சரணாலயம்.’

தீவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘தொப்பி’ என்றும், பறவைகளுக்குப் பக்கத்தில் ‘தூரத்துக் கண்ணாடி மறக்காதே’ என்றும் எழுதியிருந்தது. வீட்டில் நினைவூட்ட ஆளில்லாதவர் தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

“பெரியம்மாகிட்ட கடைசியா எப்பப் பேசுனீங்க?”

“சனிக்கிழமைங்க. சாயங்காலம் ஏழு மணி இருக்கும்ங்க. வாட்ஸ்அப்புல அவங்களே கூப்பிட்டாங்க.”

“எங்க இருந்து?”

“போட்ஹவுஸ்ல இருந்துங்க. நடு ஏரியில போயிட்டு இருக்குன்னாங்க. மோட்டார் சத்தத்துல பேச்சே சரியாக் கேக்கலைங்க.”

“சந்தோசமா இருந்தாங்களா?”

“ரொம்பங்க. இங்க தனியாக் கெடந்து என்ன பண்றாங்க, கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேங்க.”

“நீங்க என்ன தொழில்?”

“கொய்யாத் தோப்புங்க. பெரியம்மா பேர்லதான் இருக்குது. நான் பாத்துக்கறேனுங்க.”

சண்முகவள்ளி மறுபடி காலண்டர் பக்கம் போனார். தாளை இன்னொரு முறை வாசித்தார். பிறகு அதைக் கிழியாமல் ஆணியிலிருந்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

“உங்க தோப்பப் பாக்கலாமா?”

“இப்பங்களா?”

“இப்ப.”

பிற்பகல் 2.20.

ஜீப் ஆயக்குடியில் தோப்பு வாசலில் நின்றது. பின்னால் இரண்டு காவலர்கள், நடுவில் பிராங்க்ளின்.

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அய்யம்மாளைச் சண்முகவள்ளி கூப்பிட்டார். தோப்பில் வேலை செய்பவள் என்று சொன்னாள்.

“இன்னைக்கு வேலைக்குப் போகலையா?”

“மோட்டார் ரிப்பேருன்னு மொதலாளி வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாருங்க. ஒரு வாரம் ஆரும் உள்ள வர வேண்டாம்னுட்டாருங்க.”

“ரிப்பேர் பண்ண ஆள் வந்தாங்களா?”

“ஆரும் வரலீங்க.”

கொய்யா மரங்களுக்கு நடுவே சுவர் கறுத்த மோட்டார் ரூம் இருந்தது. கதவு துருவேறியிருந்தது. பூட்டு மட்டும் புத்தம் புதிது.

“பிராங்க்ளின், சாவியக் குடுங்க.”

“ஏனுங்க மேடம்? நான் என்ன பண்ணுனேன்?”

“பெரியம்மாவத் தூக்கிட்டு வந்து இங்க பூட்டிட்டு, அவங்க போன எடுத்துக்கிட்டு ஆலப்புழைக்குப் போனீங்க. டவர் அங்க காட்டணும்னு போனீங்க. காட்டுச்சு. நாங்களும் நம்பியிருப்போம்.”

“அவங்ககிட்ட நான் பேசினேனுங்க!”

“அதுலதான் மாட்டுனீங்க.” தாளை விரித்தார் சண்முகவள்ளி. “சாயங்காலம் அஞ்சரைக்கு அங்க எல்லா போட்ஹவுஸையும் கரையில கட்டிடுவாங்க. மீன் வலை போட்டிருப்பாங்க, படகு போனா அறுந்துரும். விடிஞ்சுதான் அவுப்பாங்க. ஏழு மணிக்கு நடு ஏரியில போயிட்டிருக்குன்னு மெசேஜ் போட்டவங்க போட்ஹவுஸ்ல ஏறவே இல்ல. அது பெரியம்மா எழுதுனதா இருக்க முடியாது. நேரமெல்லாம் போட்ட இந்தத் தாளப் படிச்சு, பென்சில்ல குறிச்சு, தினம் பாக்குற காலண்டர்ல குத்தி வச்சிருக்காங்க. மெசேஜ் யார் வேணா போட்டிருக்கலாம். ஆனா அந்தப் பொய்க்குச் சாட்சியா நீங்க வந்தீங்க. ஓடாத படகோட மோட்டார் சத்தம் உங்க ஒருத்தர் காதுலதான் விழுந்திருக்கு.”

பிராங்க்ளின் கீழே பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பிற்பகல் 2.35.

உள்ளே சாக்குக் குவியலில் சுவரில் சாய்ந்தபடி இன்னாசியம்மாள் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் பன் உறைகள், காலித் தண்ணீர் பாட்டில்கள்.

“இன்னைக்கு என்ன கிழமை?” என்றுதான் முதலில் கேட்டார்.

“செவ்வாய்.”

“திங்கள்னு நெனச்சேன்,” என்றார். “ஒரு நாள எண்ணாம விட்டிருக்கேன்.”

மாலை 6.15. பழனியில் ஓர் ஆஸ்பத்திரி.

குளுகோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னாசியம்மாள் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தான். விடிகாலைல வேன்ல ஏத்தி விடுறேன் பெரியம்மான்னான். காப்பி வாங்கிக் குடுத்தான். முழிச்சப்ப அங்க கெடந்தேன்.”

“எதுக்கு?”

“தோப்ப அவன் பேருக்கு எழுதித் தரச் சொன்னான். நான் அத வித்துட்டு, அந்த ஏரிக்கரையில சின்னதா ஒரு வீடு பிடிச்சுக் கடைசி வரைக்கும் இருக்கலாம்னு நெனச்சேன். அவன்கிட்டயே அதச் சொன்னேன். நம்ம பிள்ளதானன்னு சொன்னேன்.” கொஞ்ச நேரம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். “கத்தாத, உன்னைத் தேட யாரு இருக்கான்னு கேட்டான். அதுக்கு எனக்குப் பதில் தெரியல.”

“டெய்லர் இஷாக் வந்தாரு. கடையத் தொறந்து போட்டுட்டு வந்தாரு.”

இன்னாசியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கி அடங்கும்வரை சண்முகவள்ளி காத்திருந்தார். வாக்குமூலத் தாளில் கையெழுத்து வாங்கினார். எழுந்தார்.

“நீங்க அந்த ஏரியப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார் இன்னாசியம்மாள்.

“பாத்திருக்கேன். கல்யாணமான புதுசுல. பன்னெண்டு வருசம் ஆச்சு.”

“எப்படி இருக்கும்?”

சண்முகவள்ளி சொல்ல முயன்றார். படகு கட்டிய பிறகு தண்ணீர் அசையாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. அறைக்குள் கணவன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்ததும், தான் வெளியே பிரம்பு நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தன. அடுத்த வருடம் அந்தக் கல்யாணம் முடிந்துபோனது.

“சரியாப் பாக்கலம்மா,” என்றார். “ரெண்டு பேராப் போனோம். நான் தனியாத்தான் இருந்தேன்.”

இன்னாசியம்மாள் அவரையே பார்த்தார். பிறகு ஊசி குத்திய கையை மெதுவாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டார்.

ஜீப் வெளியே காத்திருந்தது. சண்முகவள்ளி தொப்பியைக் கழற்றி, கட்டிலில் அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்.