விரலுக்குப் போகாத கண்

ஜெசிந்தா மட்டையை ஓங்கும்போதே நிறைமதியின் கால் இடது மூலைக்குக் கிளம்பிவிட்டது. இறகுப்பந்து அங்கேதான் போய் விழப் பார்த்தது. அவள் நிதானமாகத் திருப்பி அடித்தாள்.

நிறைமதிக்குப் பத்தொன்பது வயது. கண்ணில் 'முன்கண்' வில்லை. எதிராளியின் தோளும் இடுப்பும் முழங்கையும் திரும்பும் விதத்தைப் படித்து, அடி விழுவதற்கு முன்பே பந்து போகும் இடத்தில் ஒரு பச்சைப் பொட்டை வைத்துவிடும். தூத்துக்குடி அரங்கில் இப்போது அது இல்லாமல் யாரும் ஆடுவதில்லை, ஜெசிந்தாவைத் தவிர. அவளுக்கு எதற்கு? அந்த வில்லைக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அவள் கண்தான். மற்றவர்கள் பந்தைத் துரத்திப் பார்த்தபோது அவள் உடம்பைப் பார்த்தாள். நான்கு வருடங்களுக்கு முன் பொறியாளர் இன்பராஜ் அவளை ஆடவிட்டு, பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு அவள் பார்வை எங்கெங்கே நின்றது என்று பதிவு செய்தார். அவள் பார்க்காததையெல்லாம் வேண்டாதது என்று கழித்துவிட்டார். அப்பேர்ப்பட்ட கண் அது!

இன்று அந்தக் கண்ணோடுதான் மோத வேண்டியிருந்தது. முப்பத்தேழு வயதில் தோற்றால் மாநில அணியில் இனி எந்த வருடமும் இடம் கிடையாது. கடைசி ஆட்டத்தில் பதினெட்டுக்குப் பத்தொன்பது என்று பின்தங்கியிருந்தாள்.

அடுத்த பந்துக்கு ஓங்கினாள். வியர்வையில் பிடி நழுவி, சீறிப் போக வேண்டிய பந்து வலையைத் தாண்டியதும் தொப்பென்று விழுந்தது. நிறைமதியோ இரண்டடி பின்னால் ஓடியிருந்தாள்.

ஜெசிந்தா அசந்து நின்றாள். தங்கை பிலோவிடம் இருபது வருடமாக அவளே ஓடுகிற ஓட்டம் அல்லவா இது! பிலோ ஓங்கி அடிப்பவள் போலவே வருவாள், கடைசி நொடியில் விரல்களை மட்டும் தளர்த்திவிடுவாள். “எல்லாம் விரல்லதான் இருக்குக்கா” என்று அவளே சொல்லியும் ஜெசிந்தாவின் கண் ஒருநாளும் விரலுக்குப் போனதில்லை. அப்படியானால் முன்கண்ணும் போகாது.

அடுத்த இரண்டு முறையும் வேண்டுமென்றே விரலைத் தளர்த்தினாள். இரண்டு முறையும் நிறைமதி பின்னால் ஓடினாள். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று ஜெசிந்தா ஜெயித்துவிட்டாள்.

“என்னக்கா செஞ்சீங்க? பொட்டு பின்னாலல்லா இருந்துச்சு!” நிறைமதிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

இன்பராஜ் மூச்சிரைக்க வந்தார். “மேடம், இன்னொரு தடவை உங்க பார்வையப் பதிவு பண்ணிக்கிடலாமா?”

“நான் ஏமாந்ததையும் சேர்த்துல்லா சார் அன்னைக்கே எடுத்துட்டீங்க. இதைப் பாக்குற கண்ணு எங்கிட்ட இல்ல.”

பார்வையாளர் வரிசையிலிருந்து பிலோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். நிறைமதியின் மட்டையை வாங்கினாள்.

“விரலை மட்டும் பாருக்கா. வேற எங்கயும் பாக்காத.”

ஜெசிந்தா கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு ஒரு பந்தை உயரத் தூக்கிவிட்டாள். பிலோ ஓங்கினாள். ஜெசிந்தா பின்னால் ஓடினாள். பந்து வலையோரம் விழுந்தது.

வில்லையைக் கழற்றாமல் கோட்டுக்கு வெளியே சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நிறைமதியும், அதே நொடியில், இரண்டடி பின்னால் போயிருந்தாள்.