பெயர் எழுதப்படாத சேபா அரசி

செம்மணல் மேடுகளுக்கு அப்பால் கதிரவன் சாய்ந்துகொண்டிருக்க, ஈச்ச மரங்கள் சூழ்ந்த சுனைக்கரையில், நறுமணப் பொதிகளை இறக்கிவிட்ட நூற்றுக்கணக்கான ஒட்டகங்கள் அசைபோட்டபடி படுத்துக் கிடந்தன. வாசக அன்பர்களே, எருசலேம் மன்னரின் ஞானத்தைச் சோதிக்கப் புறப்பட்ட சேபா நாட்டு அரசியின் பாசறை அது. அவள் அரேபியப் பெண் என்போரும் எத்தியோப்பியப் பெண் என்போரும் இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள். அது அவர்கள் பாடு. வேதநூலோ அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

வழியில் இருமுறை கொலைமுயற்சிக்குத் தப்பியிருந்தாள் அரசி. அந்தப் பதற்றம் தணியுமுன்னே அண்டை நாட்டுத் தூதன் அஸ்ராம் பேட்டி கேட்டு வந்து நின்றான். மறுத்தால் போர் மூளும், வேறு வழியில்லை.

கூடாரத்தில் முகத்திரையணிந்த அரசி வீற்றிருந்தாள். அவள் பின்னே, அதேபோல் முகம் மறைத்த ஐந்து பணிப்பெண்கள் சாமரம் வீசினர். முத்துக்கூடையுடன் ஓரமாக நின்றான் கொற்கை வணிகன் கடலன். சேபாத் துறைமுகத்தில் ஏழாண்டு வாணிகம் செய்தவன், முத்து விற்க அரசியின் கூட்டத்தோடு எருசலேம் செல்பவன்.

தூதனை வரவேற்க, சேபா வழக்கப்படி அரசியே தூபம் இடவேண்டும். கனல் அவிந்துகொண்டிருந்தது. அரசி குனிந்து வாயால் ஊதினாள்.

கடலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெய்வ நெருப்பில் எச்சில் படலாகாதென்று, சேபாவின் அரச குலத்தார் மழலைப் பருவத்திலேயே கனலைக் கையால் விசிறப் பழகுவார்கள். அடுப்பூதிப் பழகியவளே இப்படி ஊதுவாள். அப்படியானால் அரியணையில் இருப்பவள் அரசியல்லள்!

அதே கணத்தில் ஒரு பணிப்பெண்ணின் கை, தடுக்க எண்ணியதுபோல் உயர்ந்து, சட்டென்று தாழ்ந்தது. கடலன் அதைப் பார்த்தான். அஸ்ராமும் பார்த்துவிட்டான்.

கச்சையில் ஒளித்திருந்த குறுவாளை உருவிக்கொண்டு அந்தப் பணிப்பெண்ணை நோக்கிப் பாய்ந்தான் தூதன். காவலர் வாயிலில் நின்றார்கள், ஓடிவர நேரமில்லை. கடலன் கூடையை அப்படியே அவன் காலடியில் கவிழ்த்தான். தோல் விரிப்பில் முத்துகள் சிதறி உருள, அஸ்ராம் வழுக்கி விழுந்தான். காவலர் வந்து அமுக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் முகத்திரையை விலக்கினாள்.

"கொற்கை வணிகரே, ஓராண்டு முத்தை ஒரு நொடியில் கொட்டிவிட்டீர்! வேண்டியதைக் கேளும்."

"முத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம், தேவி. யார் உயிரைக் காத்தேன் என்று அறிந்தால் போதும். தங்கள் திருப்பெயர்?"

"என் முகத்தோடு பெயரும் வெளிப்பட்டால் அடுத்த வாள் குறி தவறாது. எவரிடமும் சொல்வதில்லை என்று ஆணையிடுவீரா?"

"என் தந்தையை விழுங்கிய கொற்கைக் கடல்மீது ஆணை!"

அவன் செவியருகே அவள் தன் பெயரைச் சொன்னாள்.

எருசலேமில், அரண்மனை எழுத்தர் கோலும் மையுமாகக் கடலனை மடக்கினார்.

"அரசியோடு நெருங்கிப் பேசுகிறீரே, ஐயா! அவர் பெயர் என்ன?"

கடலனின் நாவின் நுனிவரை வந்தது அது. விழுங்கிக்கொண்டான்.

"சேபாவின் அரசி என்று எழுதிக்கொள்ளும்."

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார்.