குழாயின் இனிஷியல்

வேம்பார்த் தெருக்குழாயின் நெற்றியில் பச்சை எழுத்தில் ‘ஊற்று’ என்று ஒளிர்ந்தது. எழினி அதைப் படம் எடுத்துக்கொண்டாள். புகாருக்கு அது ஒன்றே போதும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகள் கரையோர ஊர்களிலெல்லாம் வந்துவிட்டன. கருவியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எவ்வளவு உப்பைப் பிரிப்பது, எப்போது வடிகட்டியைக் கழுவுவது என்று முடிவெடுப்பது அதற்குள் ஓடும் நிரல்தான். ‘ஊற்று’ என்ற அந்த நிரல் எல்லோருக்கும் பொது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பெயரை மட்டும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. பதினோரு வருடங்களுக்கு முன், யாரோ கண்டபடி திருத்திய நிரல் ஒன்று அதே பெயரில் ஓடியதில் ஓர் ஊரே வாந்தியெடுத்துப் படுத்தது. அதற்குப் பிறகு குழாயில் பெயரைப் பார்க்காமல் யாரும் குடத்தை வைப்பதில்லை.

அப்போது விதிகளை எழுதியவள், ‘ஊற்றை’ உருவாக்கிய சென்னைக் குழுவின் எழினி. மூலத்திலிருந்து பாதிக்கு மேல் மாறிய நிரல் தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். தாய் நிரலின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் நாகப்பட்டினத்தில் ‘ஊ. தெளிவு’ ஓடுகிறது. அதிலிருந்து கிளைத்தது காரைக்காலின் ‘ஊ. தெ. பளிங்கு’. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். ஆனால் கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழாய்களைக் கவனித்துக்கொள்ளும் அமலோற்பவம், நிலையத்துக்குள் வடிகட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முன்பு படகு இன்ஜின் பழுது பார்த்தவள்.

“பேரை மாத்தச் சொல்லியா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?”

“நீங்க எங்க புதுப்பிப்பு எதையுமே ஏத்தலையே அக்கா. எங்க நிரலோட ஒப்பிட்டா நூத்துக்குத் தொண்ணூத்தாறு வேற.”

“ஒருக்கா ஏத்திப் பார்த்தேன். நம்ம கடல்ல சொறிமீனு வந்து அடைச்சிரும்லா? உங்க புதுசு, அடைச்சதும் கழுவவான்னு மெட்ராஸைக் கேட்டுக்கிட்டு நிக்குது. அதான் பழசுலயே நாலு வரி திருத்தி ஓட்டுதேன்.”

“மூலத்தை மாத்தினா பேரையும் மாத்தணும்.”

“மூலமா? அதுக்கு இங்க லேகியம் விக்காங்க மேடம்.”

எழினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அமலோற்பவம் சிரிக்கவில்லை.

“பேரை எடுத்தா ஒரு பொம்பளையும் குடத்தை வைக்க மாட்டா. மறுபடியும் லாரிக்குப் பின்னால ஓடணும். தண்ணி அதேதான்னு நான் வீடு வீடாப் போய்ச் சொல்லவா?”

“ரெண்டு மாசத்துல பழகிடும்க்கா.”

சொல்லும்போதே எழினிக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒரு பெயரை விட்டுக்கொடுத்தால் எல்லாப் பெயரும் போய்விடும். கைத்திரையில் புகாரைப் பதிந்தாள்.

தீர்ப்புச் சொல்வது பெயராய்வி என்னும் இயந்திரம். இரண்டு நிரல்களையும் வரிவரியாகப் படித்துவிட்டு, முடிவை நேராகக் குழாய்களுக்கே அனுப்பிவிடும். சிபாரிசுக்கு இடம் இருக்கக் கூடாது என்று எழினியின் குழுதான் அப்படி அமைத்தது.

அமலோற்பவம் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பாதி குடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

‘மூலம்: முதல் வெளியீடு. வேம்பார் நிரலில் மாற்றம் நூற்றுக்கு ஆறு. பெயர் செல்லும். புகார்தாரரின் நிரலில் மாற்றம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பெயர் செல்லாது. இனிஷியல்: ஊ. புதுப் பெயர் பதிவாகும்வரை இனிஷியல் மட்டும் காட்டப்படும்.’

எழினி இரண்டு முறை படித்தாள். மூலம் என்றால் நாங்கள்தான் என்று நினைத்து எழுதிய சொல் அது. அதற்கு விளக்கம் எழுத அன்று யாருக்கும் தோன்றவில்லை. பத்தொன்பது வருடங்களாக ஒவ்வொரு வரியாக நல்லதாக்கி, நல்லதாக்கி, பழைய வரிகள் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை.

அமலோற்பவம் எட்டிப் பார்த்துப் படித்தாள். அவசரப்படாமல் டம்ளரைக் கழுவினாள்.

“அப்போ பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க?”

எழினி பதில் சொல்வதற்குள் சென்னை அலுவலகத்திலிருந்து கந்தவேள் அழைத்தான். நிரலின் கடைசி வடிவத்தை எழுதியவன் அவன்.

“மேடம், எல்லாக் குழாய்லயும் ‘ஊ.’ன்னு மட்டும் வருது. நாலாயிரம் ஊர்லேர்ந்தும் கூப்பிடுறாங்க.”

“தண்ணியில ஒண்ணும் மாறலைன்னு சொல்லு.”

“சொல்லிக்கிட்டுதான் இருக்கோம்.” கொஞ்சம் தயங்கினான். “நீங்க வேம்பார்லதானே இருக்கீங்க? வரும்போது அங்கேர்ந்து ரெண்டு கேன் தண்ணி கொண்டு வர முடியுமா? ஆபீஸ்ல யாரும் குடிக்க மாட்டேங்கிறாங்க.”

“யாருமா? நீ?”

“நானும்தான்.”

“கந்தவேள், அந்த நிரலை எழுதினவனே நீதான். காலையில குடிச்ச அதே தண்ணி.”

“தெரியும் மேடம். காலையில பேர் இருந்துச்சு.”