கதவின் இடப்பக்கம்

மேட்டுத்துறையில் சாவி என்ற பொருளே கிடையாது. கடல் பழைய ஊரை விழுங்கிய பிறகு மேட்டில் எழுப்பிய நகரம் அது. ஒவ்வொரு கதவிலும், ஒவ்வொரு குழாயிலும், பேருந்தின் படிக்கட்டிலும் பொட்டு அளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி பதித்திருக்கும். தொடுகண் என்று பெயர். விரலை வைத்தால் ஆளைத் தெரிந்துகொண்டு வழிவிடும். வசுமதி காலையில் எழுந்ததும் குழாயைத் தொட்டாள், தண்ணீர் வந்தது. அடுப்பைத் தொட்டாள், எரிந்தது. லிஃப்ட்டைத் தொட்டாள், கீழே இறக்கியது. விரல் இருக்கும் வரைக்கும் வாழ்க்கை இப்படி வழுக்கிக்கொண்டு போகும்.

குடியிருப்பின் தரைத்தள வாசலுக்கு வெளியே சூசைநாதன் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு இடப்பக்கம், இரண்டு உள்ளங்கைகளையும் லேசாக முன்னால் திருப்பி. வாய்விட்டுக் கேட்கக் கூடாது, நிற்கலாம். அதுதான் ஊர் வழக்கம். அவருடைய விரல்நுனிகள் பத்தும் வழவழவென்று, கழுவிய கண்ணாடிக் குவளையின் விளிம்பு மாதிரி இருக்கும். அரசாங்கப் பேச்சில் அவர் மழிவிரலர். தெருப் பேச்சில் வழுக்கை விரல்.

வசுமதிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி வந்திருந்த பட்டாபிராமன், எதிர்வீட்டு மனிதர், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் போட்டிருந்தது வாரே இல்லாத செருப்பு. மழிவிரலர் ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டால் யார் திறந்தது என்று தொடுகண் குறித்துக்கொள்ளும். குற்றமொன்றும் இல்லை. ஆனாலும் நாளைக்குப் பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன் என்று வரும்போது எவனாவது தோண்டிப் பார்ப்பானோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு.

வசுமதிக்கு அந்தப் பயம் இல்லை. உள்ளிருந்து விரலை வைத்துக் கதவைத் திறந்து, அவர் நுழையும் வரைக்கும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருங்க மேடம்," என்றார் சூசைநாதன். விடியற்காலையில் மீன்சந்தையில் ஐஸ் இறக்கிவிட்டு வந்த சட்டை நனைந்திருந்தது. "தங்கச்சி வேலைக்குப் போயிருச்சு. வீட்டுக் கதவுல செங்கல்லு வெச்சுட்டுத்தான் போவுது. இந்த வாசலுக்குத்தான் யாராச்சும் வேணும். நீங்க மட்டும் இல்லேன்னா மத்தியானம் வரைக்கும் வெயில்லதான்."

"இதுல என்ன இருக்குங்க."

"வர்ற வெள்ளிக்கிழமை மூணாவது தடவை மேடம். அதுக்கப்புறம் முளைக்காதுன்னு சொல்றாங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். மனதுக்குள் ஒரு சின்ன இதம். ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதருக்குத் தான் கதவு திறக்கிறோம் என்ற இதம். பெருமை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள், மனிதாபிமானம் என்பாள். அந்த விரல்களை வழுக்கையாக்கியதே தன் சாட்சியம்தான் என்பது சூசைநாதனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திறந்துவிடுகிறோமே என்பதில்தான் அந்த இதமே.

வசுமதி தடயவியல் கூடத்தில் தலைமை ரேகையர். சிறைகளை எல்லாம் மூடிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக விரல்மழிப்பைக் கொண்டுவந்த நகரத்தில் அது சாதாரணப் பதவி அல்ல. 'அடைப்பதில்லை, அடிப்பதில்லை' என்று நகராட்சி சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தது. உண்மைதான். குற்றவாளியின் விரல்வரிகளை ஒரு கருவி வலிக்காமல் தேய்த்துவிடும். பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாராவது கதவைத் திறந்துவிட்டால். தோல் பிடிவாதக்காரத் தோல். வருஷத்துக்குள் அதே வரிகள் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். மறுபடி மழிப்பார்கள். மூன்றாவது மழிப்பு மட்டும் வேர் வரைக்கும் போகும்.

சூசைநாதனின் வழக்கு ஊரையே உலுக்கிய வழக்கு. நன்னீர் ஆலையின் வால்வு அறைக்குள் யாரோ புகுந்து, சேமித்திருந்த குடிதண்ணீர் முழுவதையும் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். ஊரில் ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் இல்லை. டயாலிசிஸ் செய்ய முடியாமல் ஒரு பள்ளி ஆசிரியை இறந்துபோனார். வால்வுச் சக்கரத்தின் உட்புறத்தில் ஒரே ஒரு ரேகை, பாதி ரேகை, கிடைத்தது. அது ஆலையில் மோட்டார் பழுதுபார்த்த சூசைநாதனின் மோதிரவிரல் என்று வசுமதி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாட்சி சொன்னாள். ரேகையர்களின் பெயரும் முகமும் வெளியே தெரியாது. "நான் அந்த ரூமுக்குள்ள போனதே இல்லீங்க" என்று அவர் கத்தியது மட்டும் திரையைத் தாண்டிக் கேட்டது.

அதுதான் அவளுடைய பேர்போன வழக்கு. அன்று பிற்பகல், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடுத்த வாரம் பாடம் எடுக்க அதையே தேர்ந்தெடுத்தாள்.

ரேகைப் பார்வையில் ஒரு விதி உண்டு. ஒப்பான் என்னும் இயந்திரம் சந்தேக ரேகைக்குப் பொருத்தமான சிலரை வரிசையாகக் காட்டும். ஆனால் அவர்களுடைய ரேகையை மூடிவைத்துவிட்டு, கிடைத்த ரேகையில் தெரிகிற புள்ளிகளை எல்லாம் முதலில் குறித்துவிட வேண்டும். வரி எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்று. அதன் பிறகுதான் மூடியதைத் திறக்கலாம். ஏனென்றால் சுத்தமான ரேகையை ஒருமுறை பார்த்துவிட்டால், கறையிலும் அதுவே தெரிய ஆரம்பிக்கும். ரயில் நிலையத்தில் ஒருவருக்காகக் காத்திருக்கும்போது வருகிறவர் எல்லாம் அவராகத் தெரிவதைப் போல. இந்த விதியை எழுதிக் கொடுத்ததே வசுமதிதான்.

பாடத்துக்காக அவளும் சூசைநாதனின் ரேகையை மூடிவிட்டு, வால்வு ரேகையைப் பெரிதாக்கிக் குறிக்கத் தொடங்கினாள். கொஞ்சம் குறித்தாள். பிறகு கை நின்றுவிட்டது. மேற்கொண்டு குறிக்க எதுவும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். உப்புப் படிந்த கறைதான் இருந்தது. சாட்சி சொன்ன படத்தில் டஜனுக்கு மேல் குறித்திருந்தாளே, அவை எங்கே?

மூடியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். வால்வு ரேகையின் நடுவில் ஒரு வரி தெளிவாக இரண்டாகப் பிரிந்தது. சூசைநாதனின் விரலில் அதே வரி பிரியாமல் நேராகப் போனது. எத்தனை ஒற்றுமை இருந்தாலும் ஒரு தெளிவான வேறுபாடு போதும், அது வேறு ஆள். இதையும் வகுப்பில் சொல்பவள் அவள்தான். பழைய படத்தில் அந்தப் பிளவின் மேல் 'உப்புக் கறை' என்று அவளே எழுதியிருந்தாள்.

அன்று என்ன நடந்தது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. மறந்திருந்தால் அல்லவா வருவதற்கு. மூடாமல் பார்த்தாள். ஒப்பானின் வரிசையில் முதலில் நின்ற ரேகையைப் பார்த்துவிட்டுத்தான் குறித்தாள். முகம் சுடச்சுட எரிந்தது. யாரும் இல்லாத அறையில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இயக்குநர் தணிகைவேல் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும் சார். அது அவர் விரல் இல்லை. ரெண்டாவது பார்வை நீங்கதான் பார்த்தீங்க. உங்களுக்கு அந்தப் பிளவு தெரியலையா?"

"நீங்க குறிச்சதுக்கு மேல நான் எதைப் பார்க்கப் போறேன் வசுமதி? உங்க பேரைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் தெரியும்ல? தப்பா ஒப்பு சொன்ன ரேகையரோட விரலை நிறுத்திடுவாங்க. உங்க பழைய கேஸ் ஒவ்வொண்ணையும் திரும்பப் பார்த்து முடிக்கற வரைக்கும் எந்தத் தொடுகண்ணும் உங்களை ஏத்துக்காது. வருஷக்கணக்காகும். இதுவும் நீங்க கைதட்டி வரவேற்ற சட்டம்தான்."

"வெள்ளிக்கிழமை அவருக்கு மூணாவது சார்."

"அது முடியட்டும். அப்புறமா 'போதிய தெளிவு இல்லை'ன்னு மாத்தி எழுதி, ஏதாவது உதவித்தொகைக்கு ஏற்பாடு பண்ணிடலாம். அந்த டீச்சரம்மா செத்ததுக்கு ஊர் இன்னும் கொதிச்சுக்கிட்டிருக்கு. இப்ப போய் ஆள் இவர் இல்லைன்னா, நம்ம கூடத்தையே இழுத்து மூடிருவாங்க."

வசுமதி சரி என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே சரி என்று எடுத்துக்கொண்டார் அவர். அவள் மறுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் லிஃப்ட்டில் இறங்காமல், குப்பை வண்டி வரும் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வெளியே போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. சந்து முனையில் நின்று எட்டிப் பார்த்தாள். சூசைநாதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கைகளைத் திருப்பிப் பிடித்தபடி, கண்ணாடிக் கதவுக்குள்ளே லிஃப்ட்டையே பார்த்துக்கொண்டு. அவளைத்தான் எதிர்பார்க்கிறார். பட்டாபிராமன் வந்தார், செருப்பைச் சரிசெய்தார், போய்விட்டார். வெயில் ஏறியது. தன்னைவிடப் பட்டாபிராமன் எவ்வளவோ மேல் என்று வசுமதிக்குத் தோன்றியது. அவர் கோழை மட்டும்தான்.

மாலையில் திரும்பும்போது சூசைநாதனின் தங்கை லிஃப்ட்டில் கூட வந்தாள்.

"மேடம், ஒடம்பு சரியில்லையா? அண்ணன் கேட்டுச்சு. மேடத்தை ரெண்டு நாளாக் காணோம், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வான்னு சொல்லுச்சு."

வசுமதியின் முகத்தில் ஈயாடவில்லை. "கொஞ்சம் தலைவலி" என்றாள். அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் தானாகவே போய்ச் சொன்னாள். திரைக்குப் பின்னால் அல்ல, முன்னால் நின்று. சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. இத்தனை சின்னதையா இவ்வளவு நாள் நெஞ்சில் வைத்து அழுத்தினோம் என்று இருந்தது. நீதிபதி மழிப்பை நிறுத்திவைத்தார். கூடவே ஓர் எழுத்தர் அவளுடைய விரலை வாங்கி ஒரு தொடுகண்ணில் வைத்து எடுத்தார். பச்சை விளக்கு சிவப்பானது. அவ்வளவுதான். வலிக்கவில்லை.

பேருந்து அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. நடந்தே வந்தாள். குடியிருப்பு வாசலுக்கு வந்த பிறகுதான் தன்னால் உள்ளே போக முடியாது என்பது உறைத்தது. சூசைநாதன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மேடம்! ஒடம்பு தேவலையா? விஷயம் தெரியுமா, கோர்ட்டுலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். என் ரேகையே இல்லையாம். பார்த்த அம்மாவே வந்து ஒத்துக்கிட்டாங்களாம். மழிக்க மாட்டாங்க. மழை முடியறதுக்குள்ள வரி முளைச்சிரும்."

"சூசைநாதன்," என்றாள். "அந்த அம்மா நான்தான்."

அவர் சிரித்த முகம் சிரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. அவள் கதவு திறந்துவிட்ட காலைப்பொழுதுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறார் என்று வசுமதிக்குப் புரிந்தது. தினமும் சொன்ன 'நல்லா இருங்க'வையும்.

"தெரிஞ்சேதான் கதவு திறந்தீங்களா?"

"நீங்கதான் செஞ்சீங்கன்னு நம்பித் திறந்தேன். இல்லைன்னு தெரிஞ்ச பிறகு பின்வாசல் வழியாப் போனேன்."

திருப்பிப் பிடித்திருந்த கைகளை அவர் கீழே இறக்கினார்.

"அன்னைக்கு ஏம்மா அது என் ரேகைன்னு சொன்னீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

இதற்கு நீதிமன்றத்தில் 'நடைமுறைப் பிழை' என்று சொல்லியிருந்தாள். இவரிடம் அதைச் சொல்ல நா எழவில்லை.

"அப்போ நான் குளிச்சு மூணு நாளாகியிருந்துச்சு. வீட்டுல சொட்டுத் தண்ணி இல்லை. அந்த டீச்சர் செத்த சேதி வேற. யார் மேலயாவது கோவப்படணும்னு இருந்துச்சு. ஸ்கிரீன்ல முதல்ல நீங்க வந்தீங்க."

சூசைநாதன் தன் விரல்களைப் பார்த்தார்.

"எங்க வீட்லயும்தாம்மா தண்ணி வரல," என்றார்.

வசுமதி தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் விழுங்கிவிட்டாள். அதைக் கேட்பதுகூட அவரிடம் இன்னொரு கதவைத் திறக்கச் சொல்வதாகப்பட்டது.

"உள்ள போகலையா?" என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"விரலை நிறுத்திட்டாங்க."

"வீட்டுக் கதவுல கல்லு ஏதாச்சும் வெச்சுட்டு வந்தீங்களா?"

"தோணலை."

அவர் உச்சுக்கொட்டினார். பட்டாபிராமன் கையில் காய்கறிப் பையோடு தெருவிலிருந்து வந்தார். இருவரையும் பார்த்தார். வசுமதியின் விரலைப் பார்த்தார். காலை நீதிமன்றச் செய்தி அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். குனிந்தார், செருப்பைத் தொட்டார், ஏதோ வாங்க மறந்தவரைப் போலத் திரும்பி நடந்தார். வசுமதி கதவுக்கு நேர் எதிரே, வெயிலில், பையைக் கெட்டியாகப் பிடித்தபடி நின்றாள்.

"அங்க நிக்காதீங்க," என்றார் சூசைநாதன். "கதவு வெளிப்பக்கமாத் திறக்கும், மூஞ்சியில அடிக்கும். இடப்பக்கம் வாங்க, கொஞ்சம் நிழல் இருக்கும். பையைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் திருப்பிக் காட்டுங்க. இல்லேன்னா எதையாச்சும் திருடிக்கிட்டுப் போக வந்த ஆளுன்னு நெனைப்பாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. நிக்கத் தெரியாம நிக்கறீங்களேன்னு சொன்னேன்."

அவர் சுவரோரமாக ஓரடி ஒதுங்கினார். வசுமதி பையைக் கீழே வைத்தாள். இடப்பக்கம் போய் அவருக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினாள்.