தண்ணீர் கொடுத்தவள்

கோபாலபுரத்தில் இருந்த அந்தப் பழைய பங்களாவுக்கு நர்ஸ் ஜோதிலட்சுமி போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. மழை பிடித்துக்கொண்டதில் தெருவே இருட்டிக் கிடந்தது. நஸ்ருன்னிசாவின் மகள் சாய்மாவுக்குக் காலையில் வலிப்பு வந்திருந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். பெண் அசந்து தூங்கினாள்.

"நல்லா முழிச்சிக்கிற வரைக்கும் வாயில ஒரு சொட்டு தண்ணி கூடாதும்மா. புரையேறுனா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லி, அவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தாள் ஜோதிலட்சுமி.

நஸ்ருன்னிசா தொழப் போனாள். அறையில் மழைச் சத்தம் மட்டும். கூடவே, தண்ணீர் நிரப்பிய மண்பானையின் வாசனை.

அந்த அறையில் பானை எதுவும் இல்லை.

ஜோதிலட்சுமி கை கழுவிவிட்டுத் திரும்பினால், சாய்மா மல்லாந்து கிடந்தாள். மறுபடியும் அவளை ஒருக்களிக்கவைத்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளக் குனிந்தாள்.

"குடி கண்ணு..."

காதோரத்தில் ஒரு கிழட்டுக் குரல்.

களக்.

சாய்மா மீண்டும் மல்லாந்திருந்தாள். வாய் நிறையத் தண்ணீர். உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி பாய்ந்து அவளைப் புரட்டி, முகத்தைத் தாழ்த்தித் தண்ணீரை வடியவிட்டாள். நெஞ்சு கிழிவதுபோல் இருமிய பிறகே பெண்ணுக்கு மூச்சு வந்தது.

"யாரும்மா தண்ணி குடுத்தது? இன்னா வேல இது?"

ஓடிவந்த நஸ்ருன்னிசா சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"என் நாத்தனார் சகினாவுக்கும் வலிப்பு, சிஸ்டர். இதே ரூம்தான். தேவானைன்னு ஒரு ஆயா, பெத்த பொண்ணாட்டம் பாத்துக்கினா. வலிப்பு வந்தப்போ பதறிப்போயி வாயில தண்ணிய ஊத்திட்டா. சகினா அப்படியே மௌத்தாயிட்டா." குரல் இறங்கியது. "மறுவாரம் ஆயாவும் கெணத்துல..."

ஜோதிலட்சுமி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அது வரும்வரை சாய்மாவின் முகத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம். அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகாமல், பெசன்ட் நகரில் சாய்மாவின் மாமா ஹபீபுர் ரஹ்மானின் ஃப்ளாட்டுக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாவது மாடி. நல்ல வெயில், கடற்காற்று. ஜோதிலட்சுமியும் கூடவே போனாள். பிரார்த்தனைகள் பலித்துவிட்டன என்று நஸ்ருன்னிசா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மாத்திரை போட்டுக்கொண்டு சாய்மா கண்ணயர்ந்தாள். ஜோதிலட்சுமி நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கத்திலேயே சாய்மாவின் தலை மெல்ல நிமிர்ந்தது, பின்கழுத்தை யாரோ தாங்கிப் பிடித்ததுபோல.

கண் திறக்கவில்லை.

வாயைத் திறந்தாள்.